கிற்றார்க் கடையில் மாமாவைத் தேடியது

பிள்ளையள், நானும் அம்மாவும் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையில் இருக்கிற படம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. பின்னால் சுவர் முழுக்கக் கிற்றார் தொங்குகிறது. என் கையில் கரண்டி. "அப்பா கரண்டியை மண்வெட்டி மாதிரிப் பிடிச்சிருக்கிறார்" என்று சின்னவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரியுங்கோ, அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் போன கிழமை மூத்தவள் கேட்டாள், "அம்மா ஏன் கமராவைப் பாக்கேல்ல?" என்று. வெளிச்சம் கண்ணில் குத்தியது என்று சொல்லிவிட்டேன். அது பொய். உண்மையை வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் வரும் போலத் தெரிகிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும். விசயத்தைத் திருத்த வேண்டாம்.

நாங்கள் அன்றைக்கு நீர்கொழும்புக்குப் போனது கடல் பார்க்க இல்லை. உங்கள் மாமாவைத் தேடித்தான் போனோம்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. மூத்தவளை மட்டும் அவன் தூக்கியிருக்கிறான், அப்போது அவளுக்குப் பல்லும் முளைக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் அவனைப் படத்தில்தான் கண்டீர்கள். அவன் இடக்கையன். சின்னனில் அதற்காக வாங்கிய அடி கொஞ்சமில்லை, ஆனாலும் கை மாறவில்லை. கிற்றார் வாசிப்பான். கடையில் விற்கிற கிற்றார் எல்லாம் வலக்கைக்காரருக்குச் செய்தது. அவன் கம்பிகளைக் கழற்றி, மேலே உள்ளதைக் கீழே பூட்டி, திருப்பிப் பிடித்து வாசிப்பான். கோயில் திருவிழாவில் இசைக்குழு வந்தால், மேடையில் எல்லாருடைய கிற்றாரும் ஒரு பக்கம் பார்க்கும், இவனுடையது மட்டும் மற்றப் பக்கம் பார்க்கும். சனம் கூட்டத்துக்குள் இருந்து, "டேய், அந்தக் கடைசிப் பெடியனைத் திருப்பி நிப்பாட்டுங்கோடா" என்று பகிடி விடும். அவன் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வாசிப்பான்.

பிறகு சண்டை. ஒவ்வொரு ஊராக விட்டுவிட்டு ஓடி, கடைசியில் வட்டுவாகல் பாலத்துக்குக் கிட்ட சனத்தோடு சனமாக நின்றோம். "அத்தான், தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்ரிக் கானையும் கொண்டு போனான். பின்னால் வந்த சனம் தள்ளியது. நிற்க ஏலாமல் பாலத்தால் ஆமிப் பக்கம் வந்துவிட்டோம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவன் செத்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு உயிரோடு கண்டவரும் இல்லை.

எங்கள் வீட்டில் அவனைப் பற்றி "இருந்தார்" என்று ஒருவரும் கதைப்பதில்லை, கவனித்திருப்பீர்கள். "மாமாவுக்குப் புளிக்கஞ்சி பிடிக்கும்" என்றுதான் அம்மா சொல்லுவா. பிடித்தது என்று சொல்லமாட்டா. அவன் படத்துக்கு மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. உங்கள் படங்களுக்கு நடுவில், உங்களைப்போலத்தான் தொங்குகிறான். முகாமால் ஊருக்கு வந்த புதிதில் நானும் அவன் இருக்கிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு நினைக்கிறேனோ இல்லையோ என்று எனக்கே தெரியாது. அம்மாவுக்கு முன்னால் அதை யோசிப்பதே இல்லை.

இனி வீடியோவின் கதை. எங்கள் ஒழுங்கையில் வான் வைத்திருக்கிற சித்தப்பாவை உங்களுக்குத் தெரியும்தானே. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவர், வாய் ஓயாத மனுசன். வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவரைத் திரும்பக் கொண்டுபோய் விடப் போனபோது, அந்த ஆள் சந்தோசத்தில் இவரை நீர்கொழும்புக் கடற்கரை றோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வெள்ளைக்காரர் நிறைகிற இடம். கடை முழுக்க வாத்தியம், மேடையில் பாட்டு. சித்தப்பா தன்னையும் கடையையும் சேர்த்து வீடியோ பிடித்து ஊர் வாட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிட்டார். "பாருங்கோ, நான் ஆரோட இருந்து சாப்பிடுறன் எண்டு" என்று ஒரு கதையும் அதில்.

அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. நான் பகிடிக்குத்தான் போனை நீட்டினேன். சித்தப்பாவின் மூஞ்சி முக்கால்வாசி. தோளுக்குப் பின்னால் தூரத்தில் ஒருவன் நின்று கிற்றார் வாசிக்கிறான். கிற்றார் மற்றப் பக்கம் பார்க்கிறது. அடிக்கிற கை இடக்கை. அம்மா கீரையை விட்டுவிட்டா. ஈரக் கையாலேயே போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தா. பிறகு மெதுவாகக் கேட்டா:

"இஞ்சாருங்கோ, இது ஆர்?"

நானும் குனிந்து பார்த்தேன். முகம் பாதிதான் தெரிந்தது. கழுத்தைச் சரித்துக்கொண்டு வாசிக்கிற விதம் அவன்தான். மேடைக்கு மேலே இங்கிலீசில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தேன், ஓடவில்லை. எழுத்துகள் பின்பக்கமாகத் திரும்பி நின்ற மாதிரி இருந்தன. பெரிய கடைகளில் நாகரிகத்துக்கு இப்படித்தான் எழுதுவார்களாக்கும் என்று விட்டுவிட்டேன். பிள்ளையள், அந்த இடத்தில் உங்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் அப்போதே சொல்லியிருப்பீர்கள். ஆனால் அம்மா ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றா. சொன்னால் தவறிப்போகும் என்று அவவுக்குப் பயம்.

சித்தப்பாவுக்கு மட்டும் சொன்னோம். இரண்டு மாதம் கழித்து வானில் இடம் இருந்த ஒரு நாள், ஒரு குடும்பத்தைக் கட்டுநாயக்காவில் விடப் போகும்போது எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். உங்களைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, சொந்தக்காரரை வழியனுப்பப் போகிறோம் என்று சொன்னது அதுதான். முதல்நாள் அம்மா பயத்தம் பணியாரம் சுட்டு ஒரு தகர ரின்னில் அடைத்தா. உங்களுக்கு ஒன்றும் தரவில்லை என்று சின்னவன் அழுதானே, அது மாமாவுக்குச் சுட்டது.

அம்மா வவுனியா தாண்டின பிறகு கேட்டா:

"வெளி அறையில நெல்லு மூட்டை கிடக்கு. அவன் வந்தா எங்க படுப்பான்?"

"வரட்டும், பாப்பம்."

"வந்த பிறகு நிண்டு மூட்டை தூக்கிறதோ? இருட்டுக்க மனுசன் நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறதோ?"

"நாளைக்குப் போன உடன எடுத்து வைக்கிறன்."

"மறந்திடாதேங்கோ" என்றுவிட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. சித்தப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

விமான நிலையத்தில் அந்தக் குடும்பத்தை இறக்கிவிட்டு நீர்கொழும்புக்கு வரும்போது பொழுது பட்டுவிட்டது. அந்த றோட்டைப் பற்றி என்ன சொல்ல. இரண்டு பக்கமும் வெளிச்சம். பாதி உடுப்போடு வெள்ளைக்காரர் நடுறோட்டில் சிரித்துக்கொண்டு போகிறார்கள். ஓட்டோக்காரர், நகைக்கடைக்காரர், முத்துமாலை விற்கிறவர்கள் எல்லாம் அவர்களுக்குப் பின்னால். எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ரின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தா. கோயிலுக்குள் போகிற மாதிரி வாசலில் செருப்பைக் கழற்றப் போனா. "அக்கா, அது இஞ்ச தேவையில்லை" என்று சித்தப்பா தடுத்தார்.

உள்ளே நான் இப்படி ஒரு இடத்தைக் கண்டதில்லை. மேசை ஒவ்வொன்றும் பெரிய மேளத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி. விளக்கெல்லாம் ஊதுகிற குழலுக்குள் இருந்து எரிகிறது. சாப்பாட்டுக் கோப்பைக்குக் கீழே பழைய இசைத்தட்டு. சுவரில் தொங்கின கிற்றார்களைப் பார்த்தேன், ஒன்றிலும் கம்பி இல்லை. வாசிக்க அல்ல, தொங்கவிடத்தான். மூலையில் சின்ன மேடை. அதில் மூன்று நாலு முக்காலி, ஒரு மேளம், தாங்கியில் நிறுத்திய ஒரு கிற்றார். ஆள் இன்னும் வரவில்லை.

பரிமாற வந்தவர் தமிழர். மலையகப் பக்கம், என் வயதிருக்கும். நாங்கள் கதைத்த தமிழைக் கேட்டதும், "வன்னியிலேருந்தா வர்றீங்க?" என்று கேட்டார்.

"ஓம், கிளிநொச்சி" என்றேன்.

அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. அம்மாவைப் பார்த்தார், மடியில் இருந்த ரின்னைப் பார்த்தார். "சாப்பிடத்தானே வந்தீங்க?" என்றார்.

"வேற என்னத்துக்கு? கல்யாணம் பேசவோ?" என்றார் சித்தப்பா. அந்த மனுசன் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

சாப்பாட்டு அட்டையைச் சித்தப்பாதான் வாசித்தார். "அக்கா, இஞ்ச எல்லாத்துக்கும் வாத்தியத்தின்ர பேர். வயலின் எண்டா நண்டு. ட்றம் எண்டா கோழி. ட்றம்பெட் எண்டா இறால்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றா அம்மா. "எனக்கு மச்சம் மாமிசம் வேண்டாம். வாத்தியம் இல்லாத சோறு இருக்கோ எண்டு கேளும்."

பரிமாறுகிறவர் குனிந்து சொன்னார், "புல்லாங்குழல்னு ஒன்னு இருக்கும்மா. மரக்கறி ஃப்ரைட் ரைஸ்தான். முட்ட போடாம செய்யச் சொல்றேன்."

"சரி, அதைத் தாங்கோ. இவருக்கும் அதையே குடுங்கோ."

எனக்கு இறாலில் ஒரு ஆசை இருந்தது, வாய் திறக்கவில்லை. சாப்பாடு வந்ததும் சித்தப்பா போனை எடுத்துப் பரிமாறுகிறவரிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். அதுதான் நீங்கள் வைத்திருக்கிற படம். அம்மா அதில் பார்த்துக்கொண்டிருப்பது மேடையில் இருந்த ஆளில்லாத முக்காலியை. மூத்தவள், இதுதான் நீ கேட்டதற்கு மறுமொழி.

கொஞ்ச நேரத்தில் பாட்டுக்காரர் வந்தார்கள். அவன் கடைசியாக ஏறினான். பக்கவாட்டில் பார்த்தபோது மூக்கு, கழுத்து, தலையைச் சரிக்கிற விதம், எல்லாம் அவன்தான். அம்மா என் கையைப் பிடித்தா. அவன் தாங்கியில் இருந்த கிற்றாரை எடுத்துத் தோளில் மாட்டினான். மற்றவர்கள் எந்தப் பக்கம் பிடித்தார்களோ அந்தப் பக்கமே பிடித்தான். வலக்கையால் அடித்தான்.

நான் மேடைக்கு மேலே இருந்த எழுத்தைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டினேன், நேராக ஓடியது. சித்தப்பாவின் போனை வாங்கி அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அதில் எழுத்து திரும்பி நின்றது. போனையும் மேடையையும் அவருக்குக் காட்டினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணை... நான் என்னையும் சேத்துப் பிடிச்சது. முன் கமரா. அது கண்ணாடி பாக்கிற மாதிரித் திருப்பித்தான் காட்டும். நான் அதை யோசிக்கேல்ல அண்ணை."

மெதுவாகத்தான் சொன்னார். மேளச் சத்தத்துக்குள் அம்மாவுக்குக் கேட்காது என்று நினைத்தோம். கேட்டிருக்கிறது.

"கையை மாத்தியிருப்பாங்கள்" என்றா அம்மா.

"இஞ்சாரும்..."

"இடக்கையில ஏதும் காயம் பட்டிருக்கும். இல்லாட்டி பிடிச்சு வச்சிருந்தவங்கள் அடிச்சு மாத்தியிருப்பாங்கள். இவ்வளவு காலத்தில ஒருத்தன் கை மாத்திப் பழக ஏலாதே?"

ஏலாது என்று சொல்லலாமா? எங்கள் பகுதியில் அதைவிடப் பெரிய மாற்றங்களோடு ஆட்கள் வீடு வந்திருக்கிறார்கள். சத்தம் காதை அடைத்தது. பக்கத்து மேசையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தலையில் கடதாசித் தொப்பி போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஒருவருக்கொருவர் கதைப்பதென்றால் கத்தித்தான் கதைக்க வேண்டும். அந்தக் கதையைக் கத்திக் கதைக்க ஏலுமா?

அந்தக் கடையில் ஒரு வழக்கம். இரண்டு மூன்று பாட்டு முடிந்ததும் பாட்டுக்காரர் மேடையால் இறங்கி மேசை மேசையாக வருவார்கள். ஆட்கள் கேட்கிற பாட்டை அவர்களுக்குக் கிட்ட நின்று வாசிப்பார்கள். அவன் இன்னொருவனோடு எங்கள் மேசைக்கு வந்தான். சிரித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ கேட்டான். என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டிருப்பான்.

அம்மா எழும்பினா. அவனுக்கு மிகக் கிட்டப் போய், குரலைத் தாழ்த்தி, "தம்பி, அக்காடா" என்றா. "பயப்பிடாத. இஞ்ச எங்கட ஆக்கள்தான். ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்."

அவன் சிரித்தபடியே நின்றான். விளங்கவில்லை. அம்மா அவனுடைய இடக்கையைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே தள்ளினா. மாமாவுக்கு அந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. சின்னனில் கொதிக்கிற கஞ்சியை அம்மாதான் தட்டிவிட்டவ. அவனுடைய கையில் அந்த இடத்தில் ஒரு சிலுவை பச்சை குத்தியிருந்தது.

"மறைச்சுக் குத்தியிருக்கிறான்" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னா. பிறகு பெருவிரலால் அந்தச் சிலுவையைத் தடவினா. கீழே தோல் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒரு முறையோடு விடவில்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, கண்ணை மூடிக்கொண்டு தடவினா. அந்த மனுசன் கையை இழுக்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. மற்றவன் வாசிப்பதை நிறுத்தினான். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்தாவோ என்னவோ, போனைத் தூக்கிப் படம் எடுத்தா.

பரிமாறுகிறவர் ஓடி வந்தார். "அம்மா, விடுங்கம்மா. இவரு இந்த ஊருதாம்மா. இங்கேயே பொறந்தவரு."

"அப்பிடித்தான் சொல்லச் சொல்லியிருப்பினம்."

அந்த மனுசன் பரிமாறுகிறவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். வலக்கையால் தன் போனை எடுத்து ஒரு படத்தை அம்மாவுக்குக் காட்டினான். கவுண் போட்ட ஒரு வயதான மனுசி மீன் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறா. அவனுடைய மூக்கு அந்த மூக்குத்தான்.

"அவரோட அம்மாவாம்" என்றார் பரிமாறுகிறவர். "இங்க மீன் மார்க்கெட்ல இருக்காங்களாம். வேணும்னா காலைல கூட்டிட்டுப் போய்க் காட்டுறேங்கிறாரு. போன தடவ வந்தவங்களையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போனாராம்."

"போன தடவை ஆர் வந்தது?" என்று நான் கேட்டேன்.

அதற்கும் பரிமாறுகிறவரே மறுமொழி சொன்னார். "முல்லைத்தீவுலேருந்து ஒரு அம்மா வந்தாங்க, ஐயா. அவங்க மகன்னு சொன்னாங்க. இவரு வீட்டுக்கே கூட்டிட்டுப் போயி, அம்மாவக் காட்டி, சோறு போட்டு அனுப்பினாரு. அப்பறம் தினமும் ஃபோன் பண்ணாங்களாம். முதல்ல எடுத்துப் பேசினாரு, பாஷ தெரியாட்டியும். அப்பறம் நம்பர மாத்திட்டாரு. அவருக்கும் பொஞ்சாதி புள்ளைங்க இருக்கே."

"அவ என்னெண்டு அறிஞ்சவ?" என்று சித்தப்பா கேட்டார்.

"ஃபோன்ல ஏதோ வீடியோ வந்திச்சின்னாங்க."

சித்தப்பா கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார்.

அம்மா அப்போதும் அந்தக் கையை விடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டா. "அவவின்ர மகனும் இடக்கையனோ?"

"தெரியலம்மா. அவங்க இவரு காதத்தான் பாத்தாங்க."

அதைக் கேட்டதும் அம்மா கையை விட்டா. பிள்ளையள், எனக்கு அந்த இடம்தான் மறக்க ஏலாமல் கிடக்கிறது. நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தோம், அந்தத் தாய் காதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறா. ஒரு மனுசனை எத்தனை வீட்டார் பிரித்துப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். அவனுக்கு எவ்வளவு அலுத்திருக்கும். அதோடு, எங்களுக்கு ஒருவரின் முழு முகமும் ஞாபகமில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு தழும்பும் கழுத்தும் மட்டும்தான் மிச்சம்.

மனேச்சர் தூரத்தில் இருந்து கையைக் காட்டினார். அந்த மனுசன் அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினான். பிறகு கடதாசித் தொப்பிப் பிள்ளைகளின் மேசைக்குப் போனான். அங்கே யாருக்கோ பிறந்தநாள். கேக் வந்தது. எல்லாரும் கைதட்ட, அவன் வாசித்தான்.

எழும்பிப் போவோம் என்று நான் அம்மாவின் தோளைத் தொட்டேன்.

"இருங்கோ. சோறு ஆறுது" என்றா. இருந்தா. கையைத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டா. ஒரு சோறும் மிச்சம் விடாமல் எல்லாம் சாப்பிட்டா. சாப்பிடும்போது அந்த மனுசனையே பார்த்துக்கொண்டிருந்தா. அவன் திரும்ப மேடையில் ஏறி வாசித்தான். எங்கள் பக்கம் பார்க்காமல்தான் வாசித்தான். அவனைக் குறை சொல்ல ஏலாது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா என்னுடைய கோப்பையையும் இழுத்து அதையும் சாப்பிட்டா. கடைசியில், "கழுத்து மட்டும் அவன்ர" என்றா.

இரவோடிரவாகத் திரும்பினோம். விடிய, மதவாச்சி தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். அம்மா ரின்னைத் திறந்து எங்கள் இரண்டு பேருக்கும் நீட்டினா.

"எனக்கு வேண்டாம் அக்கா" என்றார் சித்தப்பா.

"சாப்பிடும். பயறு வறுத்துக் குத்தி, நானே இருந்து சுட்டது. சின்னவனுக்கும் ஒண்டு குடுக்கேல்ல."

வாங்கினார். கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அக்கா, வீடியோவைக் குறூப்பில இருந்து அழிச்சிட்டன்" என்றார்.

"ஏன் அழிச்சனீர்? உம்மில என்ன பிழை?" என்றா அம்மா. தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு, "என்ர போனில கிடக்குத்தானே" என்றா.

நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்திலேயே பணியாரத்தைத் தின்று முடித்தோம். அப்படி ருசியான பணியாரத்தை அப்படி ஒரு மனதோடு தின்றவர் வேறு யாரும் இருப்பார்களோ தெரியாது. பெரியம்மா வீட்டுக்கு வந்ததும் நீங்கள் ஓடி வந்து "என்ன கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டீர்கள். சித்தப்பா வழியில் வாங்கின முறுக்குப் பையை நீட்டினார். நல்லகாலம் அவருக்கு அது ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு அம்மா மாறவில்லை. அவவுக்கு மாமா நீர்கொழும்பில் இல்லை, அவ்வளவுதான். ஒரு ஊர் குறைந்திருக்கிறது. மற்ற ஊரெல்லாம் அப்படியே இருக்கிறது. அவவிடம் நீங்கள் இந்தப் பயணத்தைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். நீங்கள் "மாமா எங்க இருக்கிறார்?" என்று எப்போதும் போலவே கேளுங்கோ.

மாறினது நான். அந்த மனுசன் கிற்றாரை வலப்பக்கம் மாட்டின நேரத்தில் மாறியதோ, அம்மா அந்தச் சிலுவையைத் தடவின நேரத்தில் மாறியதோ, எனக்குச் சொல்லத் தெரியாது. என் உடம்புக்குள் ஏதோ ஒன்று குந்திவிட்டது. இனி எழும்பாது என்று தெரிந்தது. அம்மாவிடம் சொன்னால் அவ என்னைத் தன் தம்பியைக் கொன்றவன் மாதிரிப் பார்ப்பா. அதனால் சொல்லவில்லை.

புரட்டாதிச் சனி வந்தது. அம்மா விடியவே முழுகி, சமைத்து, ஒரு பிடி சோற்றைக் காகத்துக்கு வைத்துவிட்டு, எள்ளெண்ணெய் எரிக்க உங்களையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனா. அந்தச் சோறு சனிபகவானுக்கு என்று எல்லா வீட்டிலும் வைப்பது. செத்தவருக்கு வைக்கிற சோற்றை எங்கள் வீட்டில் மாமாவின் பெயரால் ஒருநாளும் ஒருவரும் வைத்ததில்லை. வைக்கவும் அவ விடமாட்டா.

வீட்டில் நான் தனிய. ஒரு வாழையிலைத் துண்டு வெட்டிக் கழுவினேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மோர்மிளகாய் ஒன்று. பின்பக்கம் மதிலில் அம்மா வைத்த சோறு பாதி கொத்தினபடி கிடந்தது. அதிலிருந்து எட்ட, மற்ற மூலையில் என்னுடைய இலையை வைத்தேன். "வா மச்சான், சாப்பிடு" என்று ஒருக்காச் சொன்னேன். காகம் வருகிறதா என்று நின்று பார்க்கவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினேன்.